காரில் திரை தானாக அணைந்து எரிந்தால், உடனே பெட்டியை மாற்றாதீர்கள்



கார் வைத்திருக்கும் பிள்ளைகள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். கார் இல்லாவிட்டாலும், கார் கம்பெனியிலோ சாஃப்ட்வேர் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள் கடைசிப் பகுதியையாவது படித்துவிடுங்கள். அது உங்களுக்காகவே எழுதியது.

"சார், வண்டியில டச் ஸ்கிரீன் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. பாட்டு பாதியில நிக்குது, மேப் போயிடுது. சர்வீஸ்ல கேட்டா மொத்தமா மாத்தணும்ங்கறாங்க." இந்த வருஷம் மட்டும் என்னிடம் இப்படிச் சொன்னவர்கள் ஐந்து பேர். ஒருவர் சொந்தக்காரர், மற்ற நாலு பேர் என்னிடம் படித்தவர்கள். ஐந்து வண்டியும் வேறு வேறு கம்பெனி. கிடைத்த பதில் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரை திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது நோயின் பெயர் அல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. காய்ச்சல் என்று வந்தவனுக்கு ரத்தம்கூடப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் மருத்துவரை நாம் ஏற்றுக்கொள்வோமா? அதுபோல, காரணம் இன்னதென்று சொல்லாமல் பெட்டியை மாற்றச் சொல்பவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் காரணம், பிறகு பணம்.

ஐவரில் ஒருவன் செஞ்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறான். கடனில் வாங்கிய வண்டி. நாலு வருஷம் ஆகிறது, வாரண்டி முடிந்துவிட்டது. அவனுக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் 48,000 ரூபாய். தவணை கட்டி, டீசல் போட்டு, வீட்டுக்குக் கொடுத்து மிச்சம் பிடிப்பவனுக்கு அது எத்தனை மாத உழைப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டு இல்லாமல் வண்டி ஓட்டலாம். மேப்புக்குப் போன் இருக்கிறது. ஆனால் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற கேமராவும் அதே திரையில்தான் வருகிறது. அமாவாசை இரவில் மேல்மலையனூரில் வண்டி நிறுத்தும் இடம் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள், குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கோட்டைக்கு வருகிற சவாரியும் அவனுக்கு இருக்கிறது. ரிவர்ஸ் கியர் போட்ட நேரத்தில் திரை கறுத்துப் போனால் அதை வெறும் மியூசிக் சிஸ்டம் கோளாறு என்று ஒதுக்க முடியாது.

அவனிடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். ஒரு வாரம் வேறு எதையும் தொடாதே, திரை அணைகிற ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அப்போது வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுது, அவ்வளவுதான் என்றேன். வண்டி ஓடும்போது எழுதாதே, நிறுத்திவிட்டு எழுது என்றும் சொன்னேன். வாரக் கடைசியில் 23 வரி இருந்தது. அதில் 15 வண்டியை ஸ்டார்ட் செய்த உடனே. 7 வேகத்தடையிலும் குழியிலும். ஒன்று மட்டும் எதிலும் சேரவில்லை. நோட்டைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்வதும் குலுக்கலும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்குப் போகும் மின்சாரத்தை.

பேட்டரியின் நெகட்டிவ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. எலக்ட்ரீஷியன் அதைச் சுத்தம் செய்து முறுக்கிவிட்டார். வேகத்தடையில் அணைவது நின்றது. ஸ்டார்ட் செய்யும்போது அணைவது மட்டும் நிற்கவில்லை. பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தால், சாவியைத் திருப்பும்போது பேட்டரி 8.7 வோல்ட்டுக்கு இறங்குகிறது. வண்டியோடு வந்த பேட்டரி, ஆயுள் முடிந்துவிட்டது. பேட்டரியை மாற்றினான். மொத்தச் செலவு 6,500 ரூபாய்க்குள். இரண்டு மாதமாகத் திரை அணையவில்லை.

எல்லா வண்டிக்கும் பேட்டரிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அவன் வண்டிக்கு அது காரணம் என்பதை ஒரு நோட்டும் ஒரு மீட்டரும் கண்டுபிடித்தன, 48,000 ரூபாய் எஸ்டிமேட் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் நான் சொல்வது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் வீட்டில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இருப்பதேதான்: ஒரு பிராசசர், தற்காலிக நினைவகம், தகவலைச் சேமிக்கும் ஃப்ளாஷ் சிப், இவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு பகுதி. இதோடு காவல்காரன் மாதிரி ஒரு டைமரும் உண்டு. மென்பொருள் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை இந்த டைமருக்கு 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், எங்கோ மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து டைமர் எல்லாவற்றையும் அணைத்து மறுபடி தொடங்கிவிடும். ஆகவே ரீஸ்டார்ட் ஆவது பல நேரங்களில் அந்தப் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. தொடங்கிய பிறகும் அதே காரணம் அங்கேயே இருந்தால் மறுபடி மாட்டும், மறுபடி அணையும். இதைத்தான் நாம் விடாமல் அணைந்து எரிகிறது என்கிறோம்.

காரணம் ஐந்து இடத்தில் இருக்கலாம். மின்சாரம், சூடு, வெளியிலிருந்து இணைத்த பொருள், மென்பொருள், கடைசியாகப் பெட்டியே. சர்வீஸ் சென்டரில் ஐந்தாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நாம் முதலாவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நம் மண்டகப்பட்டுக் குடைவரையின் கல்வெட்டைப் பற்றி வகுப்பில் பேசியது சிலருக்காவது நினைவிருக்கும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டுவித்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் எடுத்தது என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. எது எது இல்லாமல் என்று வரிசையாகச் சொல்கிறதே, கோளாறு கண்டுபிடிக்கவும் அதேதான் வழி. போன் இல்லாமல் அணைகிறதா? பென் டிரைவ் இல்லாமல் அணைகிறதா? வெயில் இல்லாமல் அணைகிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விலக்கிப் பார்க்க வேண்டும். நாலைந்தை ஒரே நாளில் மாற்றினால் கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது.

செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1) முதலில் நோட்டு. ஒரு வாரம் எழுதுங்கள். ஸ்டார்ட் செய்யும்போதா, குலுங்கும்போதா, நண்பகல் வெயிலிலா, போன் இணைத்த பிறகா, ரிவர்ஸ் போடும்போதா?

2) இணைத்திருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். போன் கேபிள், பென் டிரைவ், மெமரி கார்டு, சார்ஜர், டேஷ் கேமரா எல்லாம். புளூடூத்தையும் அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். அணையவில்லை என்றால் குற்றவாளி வெளியே இருக்கிறான். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், எதை மாட்டியதும் தொல்லை ஆரம்பிக்கிறதோ அதுதான். பழுதான ஒரே ஒரு பாட்டுக் கோப்பு உள்ள பென் டிரைவ் போதும், சில பெட்டிகள் அதைப் படிக்கத் திணறி விழுந்துவிடும்.

3) போன் மீது சந்தேகம் வந்தால், போனிலும் காரிலும் இரண்டு பக்கமும் இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். நல்ல கேபிளாக, குட்டையானதாக ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முடிந்தால் வீட்டில் வேறு ஒருவரின் போனை இணைத்துப் பாருங்கள்.

4) மின்சாரம். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5க்கு மேலே இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6க்குக் கீழே போனால் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். முனைகள் பூத்திருக்கிறதா, கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மின்சாரக் காரும் ஹைப்ரிட் காரும் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக் கூடாது.

5) வெளியே கடையில் மாட்டிய கேமரா, ஆம்ப்ளிஃபையர், விளக்கு ஏதாவது இருந்தால், அதற்கான வயரைத் திரைக்குப் போகும் வயரிலேயே ஒட்டிவிட்டார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் தொல்லை இந்த டேப் சுற்றிய ஒட்டில்தான் இருக்கிறது.

6) சூடு. வெயிலில் நின்ற வண்டியில் மட்டும் அணைந்து, ஏ.சி. போட்டுக் கால் மணி நேரத்தில் சரியாகிறதா என்று கவனியுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2022 மே மாதம் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் சுமார் 1,30,000 கார்களைத் திரும்ப அழைத்தது. வேகமாக சார்ஜ் ஏற்றும்போது திரைக்கான பிராசசர் போதுமான அளவு குளிராமல், திரை மெதுவாகவோ ரீஸ்டார்ட் ஆகவோ செய்தது. பெட்டியை மாற்றவில்லை. மென்பொருளை மாற்றிச் சரிசெய்தார்கள்.

7) இதற்கெல்லாம் பிறகு ரீசெட். எந்தப் பட்டனை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். மென்பொருள் எந்த வெர்ஷன் என்று செட்டிங்ஸில் பார்த்து எழுதிக்கொண்டு, புதிது வந்திருக்கிறதா என்று சர்வீஸில் கேளுங்கள். பலவீனமான பேட்டரியோடு அப்டேட் ஆரம்பிக்காதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் நல்ல பெட்டியும் கெட்டுவிடும்.

8) எதையும் இணைக்கவில்லை, பேட்டரி நன்றாக இருக்கிறது, வெயில் இல்லை, மென்பொருள் புதிது. அப்படியும் அணைகிறது என்றால் பெட்டியைச் சந்தேகப்படலாம். அப்போதும் உங்கள் கையில் நோட்டும், அணைவதைக் காட்டும் இரண்டு மூன்று வீடியோவும் இருக்கும். வீடியோவைப் பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும்.

கேமராவை நம்ப முடியாத நாட்களில் கண்ணாடியைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் இறங்கிப் பாருங்கள். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். கேமரா நம் நாட்டில் கட்டாயம் இல்லை. அதனால் கேமரா இல்லாமலும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

"வெளிக் காரணம் எல்லாம் சும்மா சார், பெட்டிதான் போயிருக்கும்" என்று சொல்பவர்களுக்கு வெளிநாட்டில் நடந்த மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

2016 ஜூனில் அமெரிக்காவில் லெக்சஸ் கார்களின் திரைகள் திடீரென்று அணைந்து அணைந்து எரிந்தன. வானிலை, போக்குவரத்துத் தகவல் அனுப்பும் சேவையிலிருந்து பிழையான தரவு வந்ததே காரணம். 2018 பிப்ரவரியில் ஜீப், டாட்ஜ் கார்களுக்குக் காற்று வழியே போன ஒரு அப்டேட், பல வண்டிகளின் திரையை நிமிஷத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆக வைத்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 94.9 எஃப்.எம். என்ற வானொலி நிலையம் நிகழ்ச்சிக்கான படத்தை டிஜிட்டலில் அனுப்பும்போது கோப்புப் பெயரின் கடைசியில் வர வேண்டிய வால் எழுத்து இல்லாமல் அனுப்பிவிட்டது. அந்த நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்த 2014 முதல் 2017 வரையிலான மாடல் மாஸ்டா கார்களின் பெட்டிகள் அந்தக் கோப்பு என்னவென்று புரியாமல் விழுந்தன, எழுந்தன, மறுபடி விழுந்தன. நிலையத்தை மாற்றக்கூட முடியவில்லை. புதுப் பெட்டியின் விலை 1,500 டாலர் என்று முதலில் சொன்னார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு நிறுவனம் இலவசமாக மாற்றித் தர முன்வந்தது.

மூன்றிலும் ஓட்டுநர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கோளாறின் தொடக்கம் அவர் காருக்குள்ளும் இல்லை.

சில நேரம் பெட்டியே காரணமாக இருப்பதும் உண்மை. 2021 பிப்ரவரியில் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. திரைக்குள் இருந்த 8 ஜிபி ஃப்ளாஷ் சிப்பில் தொடர்ந்து எழுதி எழுதி அது தேய்ந்துவிட்டது. ஃப்ளாஷ் சிப் சிலேட்டு மாதிரி முடிவில்லாமல் அழித்து எழுதுவதற்கானது அல்ல, இத்தனை முறைதான் என்று கணக்கு உண்டு. இதை நிறுவனம் தானாக ஒத்துக்கொண்டு அழைக்கவில்லை. பின்பக்கக் கேமரா தெரியாமல் போவது பாதுகாப்புக் குறை என்று அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு வலியுறுத்திய பிறகே அழைத்தது.

நம் நாட்டிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, ஓட்டுநருக்கோ பயணிக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ தீங்கு தரக்கூடிய குறை ஒரு வகை வண்டியில் இருந்தால் அதைத் திரும்ப அழைக்க அரசு உத்தரவிடலாம். 'சாலையில் போகும் மற்றவர்' என்றால் மேல்மலையனூரில் தரையில் படுத்திருப்பவரும் சேர்த்துதான். ஆகவே புகார் எழுதும்போது 'மியூசிக் சிஸ்டம் வேலை செய்யவில்லை' என்று எழுதாதீர்கள். 'ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா படம் மறைகிறது' என்று எழுதுங்கள், அது உண்மையாக நடந்திருந்தால்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் குறைக்கும் சேவையின் குறைக்கும் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தீரவில்லை என்றால் விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. "வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள். கோளாறுக்குக் காரணம் என்ன? அது தெரிய எந்தெந்தச் சோதனை செய்தீர்கள்? புதுப் பெட்டி போட்ட பிறகும் அணைந்தால் பணம் திரும்புமா? மூன்றாவது கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்றதும் முதல் இரண்டு கேள்விக்கும் தேட ஆரம்பிப்பார்கள்.

அங்கே வேலை பார்க்கும் பையன்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் சிலர் என்னிடமே படித்தவர்கள். "சார், உள்ளே பிரிச்சுப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்ல, உதிரி சிப்பும் வராது, மொத்தப் பெட்டியாத்தான் வரும்" என்கிறார்கள். நியாயமான பேச்சு. விலை குறைந்த சார்ஜரையும் பழைய பென் டிரைவையும் மாட்டிவிட்டுக் கம்பெனியைத் திட்டுகிற ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். ஆனால் அனுமதியும் உதிரியும் கொடுக்காதது மேலே இருப்பவர்களின் முடிவு. அதற்கான விலையைச் செஞ்சியில் வண்டி ஓட்டுகிறவன் ஏன் கட்ட வேண்டும்? 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியபோது அதில் வாகனத் துறையையும் சேர்த்தது நல்ல காரியம். அது பெயரளவில் நின்றுவிடக் கூடாது.

இப்போது கம்பெனிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் பக்கம் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் நிறையப் பேர். இந்தத் திரைக்கான மென்பொருளை எழுதுபவர்களும் சோதிப்பவர்களும் உங்களுக்குள் இருக்கலாம். உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, வெளியிலிருந்து வரும் எதையும் நம்பி எழுதாதீர்கள். வால் எழுத்து இல்லாத கோப்பு வந்தால் 'இது எனக்குப் புரியவில்லை' என்று ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும், அதற்காகச் செத்து விழக் கூடாது. தலைப்பில் சதவீதக் குறி இருந்த ஒரே காரணத்தால் ஒரு வானொலித் தொடரைப் போட்டதும் காரின் திரை விழுந்த கதையும் உண்டு. சி மொழியில் அந்தக் குறிக்குத் தனி அர்த்தம் என்று நீங்கள் படித்திருப்பீர்கள்.

இரண்டு, கேமராவைப் பாட்டோடு கட்டிப்போடாதீர்கள். பாட்டு விழுந்தாலும் கேமரா நிற்கிற மாதிரி அமைப்பு வேண்டும்.

மூன்றாவதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். எஞ்சினில் கோளாறு என்றால் ஓபிடி ஸ்கேனரைச் சொருகினால் ஒரு கோட் எண் வருகிறது. செஞ்சியில் இருக்கும் சின்ன மெக்கானிக்கும் அதைப் படித்து இன்ன சென்சார் என்று சொல்கிறார். திரைக்கு மட்டும் அப்படி ஒன்று ஏன் இல்லை? கடைசியாக எதனால் ரீஸ்டார்ட் ஆனேன், மின்சாரம் இறங்கியதாலா, சூட்டாலா, சிப் தேய்ந்ததாலா என்று பெட்டிக்குள் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். அதை வண்டிக்காரனுக்கு ஒரே வரியில், முடிந்தால் தமிழில், காட்டினால் என்ன? காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் பொருளின் நோய் என்னவென்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. உங்கள் மீட்டிங்கில் ஒருவராவது இதைக் கேளுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். பரவாயில்லை, இரண்டாம் தடவையும் கேளுங்கள்.

ஏற்கெனவே இந்தத் தொல்லையில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். வண்டி எந்த வருஷம், எப்போது அணைகிறது, என்ன எஸ்டிமேட் கொடுத்தார்கள் என்று மட்டும் போதும். ஒருவர் கண்டுபிடித்த காரணம் இன்னொருவருக்கு உதவும். நோட்டு போடாமல் "என்ன சார் பண்றது" என்று மட்டும் கேட்பவர்களுக்கு, பழையபடி, நோட்டு வாங்கிக்கொண்டு வா என்பதுதான் பதில்.

பத்திரமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
மண்டகப்பட்டு.